மேற்கோள் கணக்கில் வராத தேயிலை விஞ்ஞானம்

ஒவ்வோர் ஆண்டும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு பட்டியல் வெளியாகிறது. உலகின் முன்னணி 2 சதவீத விஞ்ஞானிகள் என்ற அந்தப் பட்டியலில் இலங்கையர் பெயர்கள் இடம்பெற்றால் பல்கலைக்கழகங்கள் வாழ்த்துச் செய்தி விடுக்கின்றன, பத்திரிகைகள் படத்தோடு பிரசுரிக்கின்றன. பாராட்டு நியாயமானதே. ஆனால் அந்தப் பட்டியல் எண்ணுவது ஒன்றைத்தான்: ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதை. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையையும் இறப்பரையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு யாருடைய ஆராய்ச்சி சோறு போட்டது என்பது அந்த எண்ணில் இல்லை.

பட்டியல் பட்டியலாகவே இருந்துவிட்டால் கவலையில்லை. விரிவுரையாளர் பேராசிரியர் ஆவதற்கும், ஆராய்ச்சி உத்தியோகத்தர் அடுத்த தரத்துக்கு ஏறுவதற்கும், ஆய்வுக்கு நிதி கிடைப்பதற்கும் சர்வதேச இதழ்க் கட்டுரைகளும் மேற்கோள் எண்ணிக்கையும் இன்று பெரும் சான்றுகளாகிவிட்டன. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் இளம் ஆய்வாளர் செய்வார். பயிர் மரபியலில் இது நேரடியாகத் தோட்டத்தைத் தொடும் விஷயம். எந்தத் தேயிலை இனம், எந்த இறப்பர் இனம் நம் மலைகளில் நடப்படும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் இந்த மரபியலாளர்களே.

எண் எங்கிருந்து வந்தது?

மேற்கோள்களை முறையாகத் தொகுக்கும் வேலையைத் தொடங்கியவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். 1964 இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஒரு கருத்து எந்தக் கட்டுரையிலிருந்து எந்தக் கட்டுரைக்குப் போனது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கும், எந்த இதழ்களை வாங்கலாம் என்று நூலகங்கள் முடிவு செய்வதற்கும் அது உதவியது. தனி மனிதரின் தகுதியை அளப்பது அதன் தொடக்க நோக்கமல்ல.

2005 இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-சுட்டெண்ணை முன்வைத்தார். ஒருவர் எழுதியவற்றில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-சுட்டெண் 10. அவ்வளவுதான் கணக்கு. எளிமையாக இருந்ததால் உலகம் முழுவதும் பரவியது. ஒரு விண்ணப்பக் கோப்பை முழுதாகப் படிக்க நேரமில்லாத தெரிவுக் குழுவுக்கு ஒரே எண்ணில் விடை கிடைத்துவிடுகிறது.

இந்த எண்ணுக்கு இரண்டு குறைகள் உண்டு. உலகில் அதிகம் பேர் ஆராயும் பொருளை எடுத்தவருக்கு மேற்கோள் தானாகவே பெருகும். சில நாடுகளில் மட்டும் விளையும் பயிரை எடுத்தவருக்குப் பெருகாது. அடுத்தது, உலகப் பெரும் தரவுத்தளங்கள் உள்ளூர் இதழ்கள் பலவற்றைச் சேர்ப்பதில்லை. இலங்கையின் தேயிலை, இறப்பர் ஆராய்ச்சியில் பெரும்பகுதி எங்கே அச்சானது? தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டீ குவாட்டர்லி' போன்ற சொந்த வெளியீடுகளில்.

1958 இன் ஒரு கட்டுரை

டி. விஸர், எஃப். எச். கெல் ஆகிய இருவரும் 1958 இல் 'டீ குவாட்டர்லி'யில் தேயிலைத் தாய்ச்செடிகளைத் தெரிவு செய்வது பற்றியும், தண்டிலிருந்து கன்று வளர்ப்பது பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு முன்பே, 1950 இல், ஒரு கணுவும் ஒரு இலையும் கொண்ட சிறு தண்டுத் துண்டை வேர்பிடிக்க வைப்பது பற்றிக் கெல் எழுதியிருந்தார். அதற்கும் முன்னோடியாக 1930களில் எஃப். ஆர். டப்ஸ் இந்தப் பாதையில் இறங்கியிருந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தவறணையில் பொலித்தீன் பைக்குள் நிற்கும் ஒவ்வொரு வி.பி. கன்றும், அதாவது தண்டிலிருந்து வளர்த்த கன்றும், அந்த வேலையின் பிள்ளை. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையில் ஒரு செடிபோல் இன்னொரு செடி இருக்காது. ஒன்று கொழுந்து தள்ளும், பக்கத்தில் நிற்பது சோம்பிக் கிடக்கும். நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, அதன் தண்டிலிருந்தே ஆயிரமாயிரம் கன்றுகளை உருவாக்கினால் மலை முழுவதும் அந்த நல்ல செடியாகவே நிற்கும்.

இப்படித் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டி.ஆர்.ஐ.) தெரிவானவற்றில் புகழ்பெற்றது டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம். அதன் உடன்பிறப்புகளான 2000 வரிசை இனங்கள் பலவும் அஸ்ஸாமிலிருந்து 1930களில் கொண்டுவரப்பட்ட ஒரே தாய்வழியில் வந்தவை. அந்த இனங்களின் எண்களைத் தோட்டங்களில் பெயர்போலவே சொல்வார்கள். அவற்றைத் தெரிவு செய்தவர்களின் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது. அவர்களுடைய மேற்கோள் எண்ணிக்கையை இன்றைய அளவுகோலில் போட்டால் பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கே அழைக்க மாட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். 2017 இல் சீன ஆய்வாளர்கள் தேயிலையின் முழு மரபணுத் தொகுதியை, சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசையை, முதன்முதலாக வாசித்து வெளியிட்டார்கள். அருமையான சாதனை. நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் அதற்குக் கிடைத்திருக்கின்றன, தகுதியோடுதான் கிடைத்திருக்கின்றன. அதனால் நாளைய தேயிலை இனங்கள் விரைவாக வரக்கூடும். ஆனால் இன்று சப்ரகமுவ மலையில் ஒரு பெண் கொழுந்து கிள்ளும் செடியைத் தந்தது அந்தக் கட்டுரை அல்ல. இரண்டு உழைப்பும் மரபியல்தான். ஒன்றை மட்டும் எண்ணும் தராசை எப்படி நியாயமானது என்பது?

கொழுந்துக் கிலோவும் நாட்சம்பளமும்

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாகும், அதற்கு மேல் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு கிடைக்கும் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கம்பனிகள் எடுத்துவைக்கும் வாதம் உற்பத்தித் திறன். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர் என்பது தொழிலாளி அன்றாடம் அனுபவிக்கும் கணக்கு.

அந்தக் கிலோ கையின் வேகத்தில் மட்டும் இல்லை. மலையில் நிற்பது எழுபது எண்பது ஆண்டு வயதான விதைத் தேயிலையா, நல்ல வி.பி. தேயிலையா; அந்த இனம் வறட்சியைத் தாங்குமா, துளைப்பான் வண்டுக்கு இரையாகுமா, கவ்வாத்துக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் துளிர்விடும் என்பதெல்லாம் சேர்ந்துதான் பிற்பகல் தராசில் விழும் எண்ணை முடிவு செய்கின்றன. மரபியலாளரின் தெரிவு சரியாக இருந்தால் அதே கை அதே நேரத்தில் கூடுதலாக எடுக்கும். தவறாக இருந்தால் மெலிந்த செடியைச் சுற்றிச் சுற்றி வந்து அரைப் பேரோடு லயத்துக்குத் திரும்ப வேண்டும்.

நாட்டின் தேயிலையில் 60 சதவீதத்துக்கும் அதிகம் தாழ்நாட்டுத் தேயிலை. அதில் சப்ரகமுவவின் பங்கு பெரியது. சிறு தோட்டக்காரர்களும் இங்கே அதிகம். ஒரு முறை நட்ட செடியோடு முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர்கள் அவர்கள். இன்ன இனத்தை நடுங்கள் என்று ஒரு விஞ்ஞானி சொல்வது அந்தக் குடும்பத்தின் ஒரு தலைமுறை வருமானத்தைப் பற்றிய தீர்ப்பு.

தாழ்நாட்டுக்கான தேயிலை ஆராய்ச்சி நிலையம் இரத்தினபுரி ஹிதெல்லனையில், சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே நடக்கும் வேலையின் வேகத்தைப் புரிந்துகொண்டால் மேற்கோள் கணக்கு ஏன் பொருந்தாது என்பது விளங்கும். இரண்டு செடிகளைக் கலக்க வேண்டும். விதை முளைத்து வளர வேண்டும். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் சிலவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவற்றின் தண்டு வேர்பிடிக்கிறதா, பல இடங்களில் பல மண்ணில் எப்படி வளர்கிறது, கொழுந்தின் தரம் எப்படி, தொழிற்சாலையில் தூளாக்கினால் நிறமும் சுவையும் எப்படி, நோய் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். ஓர் இனம் வெளிவர 15 முதல் 20 ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். தொடங்கியவர் முடிவைக் காணாமலே ஓய்வு பெற்றுவிடலாம். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கேட்கும் படிவத்தில் அவர் என்ன எழுதுவார்?

படிவத்தை நிரப்ப வேண்டிய இளம் ஆய்வாளர் வேறு வழியைத் தேடுவார். மூன்று மாதத்தில் முடியும் ஆய்வுகூடப் பரிசோதனை, வெளிநாட்டுக் குழுவோடு கூட்டுக் கட்டுரை என்று போவார். மரபியலில் கூட்டுக் கட்டுரை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 2015 இல் பழ ஈயின் மரபணுத் தொகுதி பற்றி வெளியான ஒரு கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள். அந்த இளம் ஆய்வாளரைக் குறை சொல்ல மாட்டேன். குறை அந்தப் படிவத்தில்.

ஆர்.ஆர்.ஐ.சி. 103 சொன்ன பாடம்

தேயிலையில் நல்ல தெரிவின் பயனைப் பார்த்தோம். தெரிவு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இறப்பர் சாட்சி. கேகாலை மாவட்டம் இலங்கையின் இறப்பர் நிலத்தில் முன்னணியில் நிற்பது. அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற இனம் பாலை அள்ளித் தந்தது. பலரும் விரும்பி நட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்ற பூஞ்சையால் வரும் இலை உதிர்வு நோய் அந்த இனத்தைக் கடுமையாகத் தாக்கியது. பல இடங்களில் அந்த மரங்களைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நட்ட இறப்பர் மரம் பால் வெட்டும் பருவத்துக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால் பால் வெட்டும் குடும்பங்களுக்கு அது எத்தகைய அடி என்பது புரியும்.

ஆர்.ஆர்.ஐ.சி. 100 போன்ற இனங்கள் கையில் இருந்ததால் தொழில் தப்பியது. ஒரே இனத்தை எங்கும் நட வேண்டாம், கலந்து நடுங்கள் என்ற அறிவுரை பலப்பட்டது. அந்த எச்சரிக்கையைத் தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னவர்களுக்கு எத்தனை மேற்கோள் கிடைத்திருக்கும்? இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் சொன்ன அறிவுரை எந்தத் தரவுத்தளத்திலும் ஏறுவதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 முதல் பெஸ்டலோஷியோப்சிஸ் என்ற இன்னொரு இலை நோய் இலங்கை இறப்பரைப் பிடித்திருக்கிறது. களுத்துறை, காலி மாவட்டங்களோடு கேகாலையும் இரத்தினபுரியும் அதில் அடிபட்டவை. அந்த நோயைத் தாங்கும் மரத்தைத் தேடும் வேலை நீண்டது. அதற்கு முழு நேரத்தையும் கொடுக்கும் ஒரு மரபியலாளருக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் எச்-சுட்டெண் பெரிதாக உயராது. தேயிலையிலோ 2000 வரிசை இனங்கள் பலவும் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை என்பதால், ஒரு புதிய நோய் வந்தால் ஒன்றாகவே படுத்துவிடும் ஆபத்து அங்கேயும் இருக்கிறது. மரபு வளத்தை விரிவாக்கும் வேலை இன்று யாரும் கைதட்டாத வேலை. நாளை அது இல்லாவிட்டால் அழுது பயனில்லை.

மெண்டலும் கோயம்புத்தூரும்

மரபியல் என்ற துறையே இந்த அளவுகோலால் தோற்றிருக்க வேண்டிய ஒன்று. கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகளை 1865 இல் வாசித்து, 1866 இல் தன் ஊரான புருன் நகரின் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் வெளியிட்டார். அதுவும் ஒரு உள்ளூர் இதழ்தான். அடுத்த 34 ஆண்டுகளில் அதை எடுத்துக் காட்டியவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். 1884 இல் மெண்டல் இறந்தார். 1900 இல்தான் மூன்று ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்தார்கள்.

தமிழ் மண்ணிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1912 இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சாகுபடிக் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து கோ 205 என்ற இனத்தை உருவாக்கினார்கள். வட இந்தியாவின் கரும்பு விவசாயத்தையே மாற்றிய வேலை அது. அதே நிலையத்தில் 1930களில் பணியாற்றிய தலச்சேரிப் பெண்மணி ஜானகி அம்மாள், பின்னர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து சாகுபடிப் பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெருநூலை 1945 இல் வெளியிட்டார். கோ 205 இன் பயன் வயலில் தெரிந்தது. ஜானகி அம்மாளின் பயன் நூலில் தெரிந்தது. இருவகை மனிதரும் ஒரே நிலையத்தில் இருக்க இடம் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எழுதாமல் விடுவதும் தவறு

இப்படியெல்லாம் சொல்வதால் கட்டுரை எழுதுவது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதப்படாத ஆராய்ச்சி அதைச் செய்தவரோடு போய்விடும். நம் தேயிலைத் துறையில் தமிழ் விஞ்ஞானிகள் வகித்த இடம் பலருக்கும் தெரியாது. தேயிலை பற்றி 1986 இல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கைநூலின் பதிப்பாசிரியர்கள் பி. சிவபாலன், எஸ். குலசேகரம், ஏ. கதிரவேற்பிள்ளை ஆகிய மூவர். அந்தக் கைநூல் இன்றும் நமக்கு ஆதாரமாக இருப்பது அவர்கள் எழுதி வைத்ததால்தான். சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியாகும் கட்டுரை ஒழுங்கைக் கற்றுத் தருகிறது, போலியைத் தடுக்கிறது.

ஆனால் எண்ணிக்கையே இலக்கானால் அந்தக் காவலும் இடிந்துவிடுகிறது. 2019 இல் வெளியான மேற்கோள் தரவுகளில், தமக்குக் கிடைத்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் தாமும் தம் கூட்டாளிகளும் காட்டியவை என்ற நிலையில் குறைந்தது 250 ஆய்வாளர்கள் இருந்தது தெரியவந்தது. 2023 இல் மட்டும் உலகில் 10,000க்கும் அதிகமான கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன. உலகம் இதை உணராமல் இல்லை. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோளை, வைத்துத் தனி மனிதரை எடைபோடக் கூடாது என்று சான்பிரான்சிஸ்கோவில் 2012 இல் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டது. உள்ளூருக்குப் பயன்படும் ஆராய்ச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்பதை 2015 இன் லெய்டன் அறிக்கை ஒரு தனிக் கொள்கையாகவே சொன்னது.

என்ன செய்யலாம்?

முதலில் பதவியுயர்வுப் புள்ளித் திட்டம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பயிர் ஆராய்ச்சி நிறுவனங்களும், ஒரு மரபியலாளர் பங்கெடுத்து வெளியிட்ட இனத்தை உயர்தர சர்வதேசக் கட்டுரைக்குச் சமமாகவாவது எண்ண வேண்டும். வெளியிட்டதற்கு ஒரு புள்ளி, பத்து ஆண்டு கழித்து அது எத்தனை ஹெக்டேரில் நிற்கிறது என்பதற்கு இன்னொரு புள்ளி. ஓர் இனத்தைத் தொடங்கியவர், நடுவில் வளர்த்தவர், முடித்தவர் என்று எல்லோருடைய பெயரும் பதிவில் இருக்க வேண்டும். தோற்றுப்போன இனத்தைப் பற்றி நேர்மையாக எழுதிய அறிக்கைக்கும் மதிப்பு வேண்டும். ஆர்.ஆர்.ஐ.சி. 103 இன் பாடம் வெற்றிக் கதைகளில் கிடைக்காது.

'டீ குவாட்டர்லி'யின் பழைய தொகுதிகளையும் இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் இதழையும் முழுமையாக மின்வடிவில் ஏற்றி, உலகத் தரவுத்தளங்கள் கண்டுகொள்ளும் அடையாள எண்ணோடு இலவசமாகத் திறந்துவிட வேண்டும். பெரிய செலவு பிடிக்காத வேலை இது. 1958 இன் கட்டுரையை ஒரு கென்ய மாணவரோ அஸ்ஸாம் மாணவரோ தேடினால் கிடைக்க வேண்டும். பிறகு மேற்கோளும் வரட்டும்.

பொதுப் பணத்தில் நடந்த ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 1925 இல் சட்டத்தால் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த செஸ் வரியில்தான் நடந்தது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களுக்கு அந்த ஆராய்ச்சி என்ன கண்டது என்று தம் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. புதிய இனங்களைச் சோதிக்கும் வயல்களில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் கிள்ள எளிதா, செடியின் உயரம் முதுகுக்கு ஒத்துவருகிறதா என்று கேட்டுப் பதிவு செய்வதும் சோதனையின் ஒரு பகுதியாக வேண்டும். அவர்களைவிட அந்தச் செடியை நெருங்கிப் பார்ப்பவர் வேறு யார்?

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. அதில் பயிர் இனப்பெருக்கத்துக்கு மூன்றாண்டுத் திட்டங்களாகப் பிய்த்துக் கொடுப்பதை நிறுத்தி, குறைந்தது 15 ஆண்டுகளுக்கு உறுதியான நிதியும் நிலையான பணியிடங்களும் வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில், இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹிதெல்லனை நிலையத்தோடு சேர்ந்து பட்டப்பின் மாணவர்களை இந்த நீண்ட வேலையில் ஈடுபடுத்த அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் வலுப்படுத்தாவிட்டால் அந்த மாணவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கப் போவதில்லை. அதை மாகாணக் கல்வித் திணைக்களம் கவனிக்க வேண்டும்.

புள்ளித் திட்டத்தை மாற்றுவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பெருந்தோட்ட அமைச்சும் பணிப்பாளர் சபைகளும் ஒப்பினால் போதும். அடுத்த பதவியுயர்வுச் சுற்றுக்கு முன் அவர்கள் இதைச் செய்ய வேண்டும்.